பத்துக் குழிப் பலகையும் 360 படிகளும்

காவிரிக்கரை மருத்துவம் – 14

திருச்சி தென்னூரில் ஒரு வீட்டுக் குழந்தை மூன்று வயதாகியும் பேசவில்லை என்றால் முதலில் தீர்ப்புச் சொல்பவர் பாட்டிதான். "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான், கொஞ்சம் பொறு" என்பார். பிறகு சமயபுரத்தாளுக்கு ஒரு வேண்டுதல். அதற்கும் பிறகுதான் தெருமுனை டாக்டர். அவர் எழுதித்தரும் சீட்டோடு புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ, நகரில் உள்ள தனியார் மையம் ஒன்றுக்கோ போவார்கள். இந்த மூன்று கட்டமும் முடிவதற்குள் ஒரு வருடம், சில வீடுகளில் இரண்டு வருடம் ஓடிவிடும்.

போன இதழில் காலரா தடுப்பூசி முகாம்களைப் பார்த்தோம். இந்த இதழில் ஊசியும் மருந்தும் இல்லாத ஒரு மருத்துவ அறைக்குள் நுழைகிறோம். உளவியலாளரின் மேசைமேல் ஒரு மரப்பலகை இருக்கும். பல்லாங்குழிப் பலகை போல அதில் குழிகள் இருக்கும். ஆனால் வட்டக் குழிகள் மட்டும் அல்ல. வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம், அறுகோணம், நீள்வட்டம், சாய்சதுரம், செவ்வகம் என்று பத்து வடிவங்கள். அவற்றில் பொருந்தும் பத்து மரத்துண்டுகளை எடுத்து மூன்று அடுக்காகக் குழந்தைக்கு எதிரே வைப்பார் உளவியலாளர். "எல்லாத்தையும் அதது வீட்டுல வை பாக்கலாம், சீக்கிரமா" என்பார். கையில் ஸ்டாப்வாட்ச். மூன்று முறை செய்யச் சொல்வார். மூன்றில் எது குறைந்த நேரமோ அதுதான் கணக்கு.

அந்த அறையில் நான் கவனித்தது அம்மாக்களின் கைகளை. குழந்தை நட்சத்திரத்தைச் சிலுவைக் குழியில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும். அம்மாவின் வலது கை மடியிலிருந்து தானாக எழுந்து மேசைவரை வந்துவிடும். "நீங்க சொல்லக்கூடாதும்மா" என்று உளவியலாளர் மெதுவாகச் சொன்னதும் அந்தக் கை திரும்பி வந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் அந்தக் கைதான் குழந்தைக்கு எல்லாம் சொல்லித்தருகிறது. இங்கே சொல்லித்தரக் கூடாது என்றால் அதற்கு வேறென்ன செய்யத் தெரியும்?

அந்தக் கை செய்ய வந்த வேலைக்காகத்தான் இந்தப் பலகையே பிறந்தது. இந்த அத்தியாயத்தின் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பாரிஸில் ழான் இடார் என்ற மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டில் கண்டெடுக்கப்பட்ட விக்டர் என்ற சிறுவனுக்குப் பேச்சும் பழக்கமும் கற்றுத்தர வருடக்கணக்கில் பாடுபட்டார். அவருடைய மாணவர் எடுவார் செகேன், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கற்பிக்க முடியாது என்று மருத்துவ உலகமே நம்பிய காலத்தில் அவர்களுக்குப் பள்ளி நடத்தினார். கண்ணையும் கையையும் சேர்த்துப் பழக்கினால் மூளை வழிக்கு வரும் என்பது அவர் நம்பிக்கை. வடிவப் பலகை அவர் கற்பிக்கப் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று. குழந்தை தப்பாக வைத்தால் ஆசிரியர் கையைப் பிடித்துச் சரியாக வைத்துக்காட்டுவார். செகேன் பின்னாளில் அமெரிக்காவுக்குக் குடியேறினார். 1866-இல் அவர் எழுதிய நூல் அங்கே இந்தத் துறைக்கே அடித்தளமானது. அவர் இறந்து ஒரு தலைமுறைக்குப் பிறகுதான் பலகைக்குப் பக்கத்தில் கடிகாரம் வந்தது. கற்பிக்கும் கருவி சோதிக்கும் கருவி ஆயிற்று.

ஆல்ஃப்ரெட் பினேவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1904-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. சாதாரண வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனிக் கவனம் தேவை என்று கண்டுபிடிப்பதே அதன் வேலை. 1905-இல் பினேயும் தியோடோர் சிமோனும் 30 கேள்விகள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டார்கள். முதல் சோதனை, எரியும் தீக்குச்சியை அசைத்தால் குழந்தையின் கண் அதன்கூடவே போகிறதா என்பது. நான்காவதில் ஒரு சாக்லேட் துண்டையும் அதே அளவு மரத்துண்டையும் காட்டுவார்கள். குழந்தை எதை வாய்க்குக் கொண்டுபோகிறது என்று பார்ப்பார்கள். கடைசிக் கேள்விகள் நுட்பமான சொற்களுக்கு இடையே வேறுபாடு சொல்லும் அளவுக்குப் போகும். 1908-இல் இதைத் திருத்தி, எந்த வயதுக்கு எது இயல்பு என்று அடுக்கியபோது 'மன வயது' என்ற கணக்கு வந்தது. பின்தங்கிய குழந்தைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கும் பயிற்சிகளையும் பினே வகுத்தார். 1911-இல் அவர் இறந்தார். பயிற்சிகளை உலகம் மறந்தது, எண்ணை எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் வைன்லாண்ட் என்ற ஊரின் பள்ளியில் இருந்த ஹென்றி கோடார்டு 1908-இல் பினே சோதனையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அறிவுக்குறைவு பரம்பரையாக வருவது, மாறாதது என்று அவர் பிரசாரம் செய்தார். மன வயதை உண்மை வயதால் வகுக்கும் யோசனையை 1912-இல் ஜெர்மனியின் வில்லியம் ஷ்டெர்ன் சொன்னார். 1916-இல் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்க, ஐ.க்யூ. பிறந்தது. 1927-இல் வர்ஜீனியா மாநிலம் ஒரு இளம்பெண்ணை அறிவு குன்றியவர் என்று சொல்லிக் கட்டாயக் கருத்தடை செய்ய முனைந்தபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதை ஏற்றது. குழந்தைக்குப் பள்ளியில் உதவி தேவையா என்று கேட்கப் பிறந்த ஒரு கேள்வித்தாள், இருபதே ஆண்டுகளில் இப்படிப்பட்ட தீர்ப்புகள் பிறக்கும் காலத்தை உருவாக்கத் துணைபோயிற்று. அந்த வரலாறு நீளமானது, கசப்பானது. நம் ஊர்க் கதைக்கு இவ்வளவு போதும்.

நம் பக்கம் என்ன நடந்தது? 1858-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஆங்கிலேய அரசு நாடெங்கும் பைத்தியக்கார விடுதிகள் திறந்தது. மனநல வரலாற்று நூல்கள் தரும் அந்தப் பட்டியலில் திருச்சிராப்பள்ளியின் பெயரும் இருக்கிறது. 1912-இல் வந்த சட்டம் மனநோயாளியையும் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் ஒரே வரையறைக்குள் அடைத்தது. சட்டத்துக்கு இருவரும் ஒருவரே என்றால் சோதனை எதற்கு? பூட்டும் சாவியும் போதும். இந்தச் சேர்க்கை சட்டப்புத்தகத்திலிருந்து போக 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வரவேண்டியிருந்தது. அப்போதுதான் மனநோயாளி என்பதன் வரையறையிலிருந்து மனவளர்ச்சி குன்றியோர் விலக்கப்பட்டார்கள். முக்கால் நூற்றாண்டு! அந்த முக்கால் நூற்றாண்டில் எத்தனை திருச்சிக் குடும்பங்கள் தங்கள் பிள்ளையைக் கொல்லைப்புற அறையில் வைத்தே வளர்த்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். காப்பகத்துக்கு அனுப்ப மனம் வராதவர்களுக்கு வேறு இடம் இருந்ததில்லை.

சோதனைகள் மெல்ல வந்தன. லாகூர் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ரைஸ், 1920-களில் பினே சோதனையை அந்த வட்டாரச் சிறுவர்களின் மொழிக்கு மாற்றினார். அது 1929-இல் நூலாக வந்தது. தார்வாரில் வி. வி. காமத், கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளுக்காகப் பினே சோதனையைத் திருத்தி அமைத்து 1934-இல் ஆய்வாக வெளியிட்டார். அவருடைய நூல் 1940-இல் வந்தது. 'பினே-காமத்' என்று இன்றும் நம் ஊர் உளவியலாளர்கள் பையில் இருப்பது அந்தத் தார்வார்ச் சோதனையின் வாரிசுதான். மூன்று வயதில் தொடங்கி 22 வரை ஏறும். உத்தரப் பிரதேசத்தில் சி. எம். பாட்டியா 1955-இல் ஐந்து செய்முறைச் சோதனைகளைத் தொகுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பையனுக்கும் அவற்றைக் கொடுக்கலாம். அமெரிக்காவின் எட்கர் டால் 1930-களில் வைன்லாண்டில் உருவாக்கிய சமூக முதிர்ச்சி அளவையை நாக்பூரில் ஏ. ஜே. மாலின் இந்தியாவுக்கு மாற்றி 89 கேள்விகளாக்கினார். மைசூரில் ஜே. பாரத் ராஜ், செகேன் பலகைக்கு இந்தியக் குழந்தைகளின் நேரக் கணக்கைத் தயாரித்தார். 88 கேள்விகளில் பிறப்பு முதல் 15 வயதுவரை பார்க்கும் வளர்ச்சிச் சோதனை ஒன்றையும் உருவாக்கினார்.

லாகூர், தார்வார், உத்தரப் பிரதேசம், நாக்பூர், மைசூர் என்று இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். தென்னூர்க் குழந்தையின் மதிப்பெண் என்பது, எப்போதோ எங்கோ சோதிக்கப்பட்ட வேறு குழந்தைகளோடு அதை ஒப்பிட்ட மதிப்பெண். வேறு வழியில்லை, எல்லா அறிவுத்திறன் சோதனையும் ஒப்பீடுதான். ஆனால் ஒப்பிடும் கூட்டம் பழசாகும்போது கணக்கு பிசகும். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைவிட இத்தகைய சோதனைகளில் அதிக மதிப்பெண் வாங்குகிறது என்று ஜேம்ஸ் ஃப்ளின் 1980-களில் நாடு நாடாகக் காட்டினார். பள்ளி, ஊட்டம், படம், அச்சு என்று காரணங்கள் பல. அப்படியானால் பழைய அளவுகோலில் இன்றைய குழந்தை உயரமாகத் தெரியும். 66 வரவேண்டிய பையனுக்கு 72 வரும். அம்மா மகிழ்ந்துபோவார். மகிழ வேண்டாம் என்று சொல்லத் தோன்றும் எனக்கு.

ஏனென்றால் 2018 வரை அந்த ஆறு எண்ணில் ஒரு வாழ்க்கை தொங்கியது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் 2001-இல் வந்த அரசு நெறிமுறையின்படி ஐ.க்யூ. 70 முதல் 79 வரை என்றால் 25 சதவீத ஊனம். 50 முதல் 69 வரை 50 சதவீதம். 35 முதல் 49 வரை 75. 20 முதல் 34 வரை 90. அதற்கும் கீழே 100. சலுகைகளுக்கு வாசல் 40 சதவீதம். ஆக 69 வாங்கிய பிள்ளைக்குக் கதவு திறந்தது, 70 வாங்கிய பிள்ளைக்கு மூடியது. பஸ் பாஸ், உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம் எல்லாம் அந்த ஓர் எண்ணில். புது அளவுகோல்களை இந்திய மொழிகள் ஒவ்வொன்றிலும் அந்தந்த மண்ணின் குழந்தைகளைக் கொண்டு செய்வது செலவு பிடிக்கும் வேலைதான். அந்தச் செலவை அரசு செய்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

இனி சென்னைக்குப் போவோம். இந்த அத்தியாயத்தில் நான் அதிகம் நேசிக்கும் பகுதி இது.

விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற நிறுவனத்தில் சிறப்புக் கல்வியாளர்கள் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய முறைக்கு 'மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்று பெயர். சிறப்பு ஆசிரியர்கள் சுருக்கமாக எம்.டி.பி.எஸ். என்பார்கள். இதில் ஐ.க்யூ. கிடையாது. மன வயதும் கிடையாது. ஒரு மனிதரின் அன்றாட வாழ்க்கை 18 துறைகளாகப் பிரிந்திருக்கும். உடலசைவு, விரல் வேலை, உண்பது, உடுத்துவது, தலைவாரிச் சுத்தமாக இருப்பது, கழிப்பறைப் பழக்கம், சொன்னது புரிவது, தான் சொல்வது, பழகுவது, படிப்பது, எழுதுவது, எண், நேரம், பணம், வீட்டு வேலை, ஊருக்குள் நடமாடுவது, பொழுதுபோக்கு, தொழில். துறைக்கு 20 படிகள், ஆகமொத்தம் 360. ஒவ்வொரு படியும் எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறும். ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய செயல். 'புத்திசாலி', 'மந்தம்' என்ற பேச்சுக்கு இடமே இல்லை. செய்கிறானா, இன்னும் செய்யவில்லையா, அவ்வளவுதான்.

இது வகுப்பறையில் எப்படி வேலை செய்கிறது? தென்னூர் அண்ணா நகரில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொன்னதெல்லாம் புரிகிறது, ஆகவே சொன்னது புரியும் துறையில் பதினைந்து படி ஏறியிருக்கிறாள். உடுத்துவதில் ஒன்பது. பணத்தில் இரண்டே படி. ரூபாய் நோட்டையும் வெறும் காகிதத்தையும் பிரித்தறிவாள், அதற்குமேல் இல்லை. ஐ.க்யூ. தாள் இவளுக்கு 45 என்று எழுதிவிட்டு எழுந்துபோயிருக்கும். எம்.டி.பி.எஸ். தாளோ பணத்தில் மூன்றாவது படி என்ன என்று காட்டுகிறது. அதுதான் அடுத்த மூன்று மாதப் பாடம். பாடம் நடக்கும் இடம் பள்ளி மட்டும் அல்ல, உழவர் சந்தையும்தான். பத்து ரூபாயைக் கையில் கொடுத்து ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்வார்கள். கூட நடந்துபோவார் அம்மா. முதல் வாரம் அம்மாதான் கேட்பார், அவள் காசு நீட்டுவாள். அடுத்த வாரம் அவளே கேட்பாள். மூன்று மாதம் கழித்து மறுபடி தாளை எடுத்தால் மூன்றாவது படிக்கு எதிரே 'செய்கிறாள்' என்று எழுதலாம். மேசைவரை வந்து திரும்பிய அந்த அம்மாவின் கைக்கு இந்தத் தாள் வேலை கொடுக்கிறது. செகேன் பலகையை எதற்காகச் செய்தாரோ, அதே எண்ணம் சென்னையில் மறுபடி தளிர்த்தது.

இந்த எண்ணம் தமிழ்நாட்டில் பல இடங்களில் கிளைவிட்டது. சென்னை தி.நகரில் 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், 'உபநயன்' என்ற திட்டத்தில் பிறப்பு முதல் இரண்டு வயதுவரையிலான குழந்தைக்கு 250 திறன்களை வரிசைப்படுத்தி, அதில் அம்மாவையே ஆசிரியர் ஆக்கியது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் 'நம்பிக்கை நிலையம்' பெற்றோரையும் குழந்தையோடு தங்கவைத்துப் பழக்குகிறது. திருச்சியில் தெப்பக்குளத்தருகே ஹோலி கிராஸ் கல்லூரி மறுவாழ்வு அறிவியலுக்கென்று தனித் துறை நடத்துகிறது. அங்கே படித்து வெளியேறும் பெண்கள் பலர் எம்.டி.பி.எஸ். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு காவிரி மாவட்டங்களில் வேலை செய்கிறார்கள். சோதனையை விட, சோதனைக்குப் பின் வரும் திங்கட்கிழமைக் காலையை அறிந்தவர்கள் அவர்கள்.

பாட்டியின் மூன்று வருடக் காத்திருப்புக்கு மாற்று உண்டா? உண்டு, மிக எளிதானது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் 1991-இல் வெளியிட்ட அட்டவணையில் 17 வரிகளே உண்டு. தலை நிற்பது, குப்புறப் புரள்வது, நிற்பது, கேட்டுத் திரும்புவது போன்றவை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது எந்த மாதத்தில் வரவேண்டும் என்ற பட்டை இருக்கும். குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைத்தால் போதும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டைகளில் ஏதேனும் ஒன்றைக் குழந்தை செய்யவில்லை என்றாலும் மேலே அனுப்ப வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இருமுறை வருவதும் இப்படிப்பட்ட வடிகட்டலுக்குத்தான். இங்கே ஒரு எச்சரிக்கை. பேசாத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்த குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே மாத்திரை தொடங்கினால் மூளை பிழைக்கும். இவற்றை விட்டுவிட்டுப் பலகையை எடுப்பது பெரும் தவறு.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்தது. ஊனங்களின் பட்டியல் ஏழிலிருந்து 21 ஆனது. 2018 ஜனவரியில் வந்த நெறிமுறை ஒரு நல்ல காரியம் செய்தது. சதவீதத்தைத் தீர்மானிக்கும் உரிமையை ஐ.க்யூ.விடமிருந்து எடுத்து, டால்-மாலின் வழிவந்த சமூக முதிர்ச்சி அளவையிடம் கொடுத்தது. அதன்படி எண்ணைத் தீர்மானிப்பது, தானே சாப்பிடுகிறானா, தெருவைத் தனியாகக் கடக்கிறானா, கடைக்குப் போகிறானா என்ற கேள்விகள். பதில் சொல்வது பெரும்பாலும் அம்மா. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 'வளர்ச்சித் தாமதம்' என்றே சான்றிதழ். 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18-இல் தருவது ஆயுள் முழுக்கச் செல்லும். குழந்தை மாறும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மனவளர்ச்சி குன்றியோர் என்று பதிவானவர்கள் 1,00,847 பேர். மனநோயாளிகள் தனியாக 32,964 பேர். 1912-இல் ஒன்றாகப் பூட்டப்பட்டவர்கள் கணக்கேட்டிலாவது இரண்டு பத்தியில் நின்றார்கள். அந்த லட்சம் பேரில் பெரியவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குக் குழந்தையாக இருந்தபோது எந்தச் சோதனையும் நடந்ததில்லை.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் தென்னூர்ச் சந்துகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கு எழுபத்தைந்து, மகனுக்கு நாற்பத்தாறு. அப்பா அரசு ஊழியராக இருந்து இறந்தவர் என்றால், குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்குப் பிறகு மகனுக்கு வரவேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும். பதினெட்டு கடந்தவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். அதற்கும் சான்றிதழ் வேண்டும். ஆக நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அந்த மகன் பத்துக் குழிப் பலகைக்கு எதிரே உட்காருகிறார்.

பெரியவரைச் சோதிப்பது குழந்தையைச் சோதிப்பதைவிடக் கடினம். குறைபாடு வளரும் பருவத்திலேயே இருந்தது என்று நிறுவ வேண்டும். பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ், மூன்றாம் வகுப்பில் நின்றுபோன கதை, எப்போது நடந்தார், எப்போது பேசினார் என்ற அம்மாவின் நினைவு இவைதான் சாட்சி. நடுவில் வந்த மனநோயா, தலையில் அடியா என்று பிரித்தறிய வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ளவருக்கு நாற்பதுகளிலேயே மறதிநோய் தொடங்கக்கூடும், ஆகவே முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லையா என்றும் கேட்க வேண்டும். மேலும் அவர் ஒரு பெரிய மனிதர். மீசை நரைத்தவரிடம் "வாய் எங்கே, மூக்கு எங்கே" என்று கேட்பது அவமானம். நல்ல உளவியலாளர் அங்கே தொடங்குவதில்லை. "காலையில பால் யாரு வாங்கிட்டு வர்றது அண்ணே?" என்று ஆரம்பிப்பார். அவர்தான் வாங்கிவருகிறார், முப்பது வருடமாக, மீதிச் சில்லறை சரியாகக் கொண்டுவருகிறார் என்று தெரியவரும்போது பணம் என்ற துறையில் இத்தனை படி என்று தாளில் ஏறும். அப்படிக் கேட்டால் அம்மா பேசத் தொடங்குவார். தன் மகன் என்னென்ன செய்வான் என்று அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

(அடுத்த இதழில்: 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிசம் அளவை 2009-இல் எப்படி உருவானது, தமிழ் வீடுகளில் அது எதைக் கண்டுகொள்கிறது, எதைத் தவறவிடுகிறது.)